சுண்ணாம்புக் கையில் ஒரு நாடா

எந்தப் பொருளைக் கொடுத்தாலும் பெரியண்ணன் மாமா உடனே கையை விடமாட்டார். இரவல் வாங்கிய அரிவாள்மணையாக இருக்கட்டும், குடையாக இருக்கட்டும், முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி, "பாத்துக்க" என்பார். நாம் உண்மையிலேயே பார்த்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றும்வரை அவர் விரல் அதன்மேலேயே இருக்கும். ரேஷன் கடையில் கார்டை நீட்டும்போதும் இதே கூத்துதான். "அரே பையா, சோடோ!" என்று கடைக்காரர் ஹிந்தியில் விடச் சொல்லிக் கத்தி, அவர் கையிலிருந்து கார்டைப் பிடுங்குவார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து அவர் இறக்கும்வரைக்கும் பார்த்த பழக்கம் இது.

டில்லியில் ஜங்புராவுக்குக் கீழே, எல்லோரும் நாலா என்று சொல்லும் பெரிய சாக்கடையின் கரையில் எங்கள் ஜுக்கி வரிசை இருந்தது. தகரமும் தார்ப்பாயும் செங்கல்லுமாய் நாங்களே கட்டிக்கொண்ட குடிசைகள். பாதிப் பேர் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். அம்மா கோவிந்தம்மாளுக்குச் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பாத்திரம் துலக்கும் வேலை. அப்பா கட்டடக் கூலி. எங்களுக்கு அடுத்த ஜுக்கி பெரியண்ணன் மாமாவுடையது. அவரும் சந்திரம்மாள் அத்தையும் மட்டும். பிள்ளைகள் இல்லை. மாமாவுக்கு வெள்ளையடிக்கிற வேலை. தீபாவளிக்கு முன்னால் டில்லியே சுண்ணாம்பு அடித்துக்கொள்ளும். அப்போது அவரைப் பிடிக்க முடியாது. மழைக்காலத்தில் வேலை கிடையாது. வித்தை காட்ட அவர் கற்றுக்கொண்டது அந்த மழைக்காலங்களில்தான்.

செங்கோட்டைக்கு எதிர்ப்புற மைதானத்தில் வித்தைக்காரர்கள் கூட்டம் சேர்ப்பார்கள். மழை விட்ட நேரங்களில் மாமா போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூடை, உடுக்கை, பூட்டுப் போட்ட பெட்டி எல்லாம் வைத்திருப்பார்கள். அவர்களுடைய கைவேகம் அவருக்குப் பிடித்தது. பெட்டி பிடிக்கவில்லை.

"அந்தப் பெட்டியக் கொஞ்சம் குடு, பாத்துட்டுத் தரேன்னு கேட்டேன். அடிக்க வந்துட்டான்" என்று ஒருநாள் எங்களிடம் சொன்னார். "பாக்கக் குடுக்க முடியாத சாமான்ல என்ன வித்தை இருக்கு? வித்தைய சாமான் செய்யுது. இவன் செய்யல."

அதனால் அவர் தனக்கென்று ஒரு சாமானும் வைத்துக்கொள்ளவில்லை. யாரிடம் காட்டுகிறாரோ அவர்களிடமே வாங்குவார். பூட்டிய இரண்டு ஊக்குகள், திறக்காமலேயே ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். கைக்குட்டைக்குள் நம் விரலாலேயே முறித்த தீக்குச்சி முழுசாக வந்து விழும். எல்லாம் ஒரு முழத் தூரத்தில், நம் கண்ணெதிரில். தொடங்கும் முன்பும் பொருள் நம் கைக்கு வரும், முடிந்த பிறகும் வரும். சுண்ணாம்பு தின்ற விரல்கள் அவருக்கு. வெடிப்புகளில் நூல் மாட்டிக்கொள்ளும். அதனால் வேலை முடிந்து வந்ததும் கடுகெண்ணெய் தேய்த்து, சாக்கில் துடைத்து, வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

எல்லாவற்றிலும் பெரியது நாடா வித்தை. பைஜாமாவில் கோர்க்கும் சாதாரண வெள்ளை நாடா. அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு முனைகளையும் இரண்டு பேரிடம் கொடுத்து, "இழு" என்பார். அவர்கள் இழுப்பார்கள். நாடா கழுத்துக்குள் புகுந்து, தொண்டை வழியாக வெளியே வந்து அவர் முன்னால் நேராக நிற்கும். கழுத்தில் ஒரு கீறல் இருக்காது. நாடாவில் ஒரு முடிச்சு இருக்காது. "எவ பாவாடையில உருவுனதுய்யா அது?" என்று சந்திரம்மாள் அத்தை ஜுக்கிக்குள்ளிருந்து கத்தும். அப்போதுதான் கூட்டம் மூச்சு விடும், சிரிக்கும்.

அம்மா வேலை செய்த வீட்டில் ஒரு முறை அதைக் காட்டினார். ராஜாராமன் என்று ஒரு செக்‌ஷன் ஆபீசர் வீடு. வெள்ளையடிக்கப் போன இடத்தில் டீ கொடுத்தார்கள்; டீ குடித்த கையோடு வித்தை. ராஜாராமன் சார் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு நாடாவை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். அவர் மனைவி ருக்மிணி அம்மா முகர்ந்துகூடப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையேன்னா!"

"இரு, இரு. இவன் ஏதோ பண்றான். ஏம்ப்பா பெரியண்ணன், சொல்லிடேன். நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

"சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நஷ்டம் சார்" என்றார் மாமா. "உங்க கையில வெறும் நாடா இருக்கும். என் கையில அதுகூட இருக்காது."

பாத்திரம் துலக்கிக்கொண்டே அம்மா இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். படித்த ஆபீசர் தடவிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் சந்திரம்மாள் அத்தையிடம் சொன்னாள்:

"அண்ணங்கிட்ட என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"சக்தி."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தது. "இந்த மனுசன்கிட்டயா? அப்படின்னா காலிப் பானையில அரிசி வரவைக்கச் சொல்லேன் பாப்போம்."

"நீ கூடவே இருக்க, உனக்குத் தெரியாது. மத்தவன் எல்லாம் மறைக்கிறான். மறைச்சா பொய்யி. அண்ணன் கையில குடுத்துப் பாக்கச் சொல்லுது. நானே பாத்திருக்கேன், நாடாவுல ஒண்ணும் கெடையாது. அப்ப அது நிசந்தானே?"

நான் பி.ஏ.யில் தர்க்கம் படித்தேன். அம்மாவின் இந்த வாதத்தில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தன் வித்தை சுத்தமாக இருக்க வேண்டும் என்று மாமா பட்ட பாடுதான் அம்மாவை அங்கே கொண்டுபோய் விட்டது. கொஞ்சம் மட்டமாகச் செய்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அது ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகள் நடந்துகொண்டிருந்த வருஷம், எண்பத்தொன்று. அப்பா கட்டட இடத்திலேயே தங்கிவிட்டார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. என் தங்கை பவுனுவுக்கு எட்டு வயது. முதலில் காய்ச்சல், அப்புறம் தொண்டை வலி. அதன்பின் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, மூச்சு விடும்போது மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே சாம்பல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பாடப் புத்தகத்தில் தொண்டை அடைப்பான் என்று படித்தது நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

"போனா தொண்டையில கத்தி வச்சு ஓட்டை போடுவாங்க. எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "அண்ணனக் கூட்டிட்டு வா. அண்ணன் வந்து நாடாவப் போட்டு ஒரு இழு இழுத்தா உள்ள இருக்கிற அடைப்பு அறுந்து வந்துடும். கத்தியும் வேணாம், ரத்தமும் வேணாம்."

மாமா அந்த வாரம் சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் இல்லத்தில் வேலையாக இருந்தார். பண்டிகை அவசரம் என்று எல்லோரையும் அங்கேயே தங்க வைத்திருந்தார்கள். அம்மா அவருக்காகக் காத்திருந்ததில் ஏற்கெனவே ஒரு நாள் போயிருந்தது. காலையில் நான் பஸ் பிடித்துப் போனேன். அவர் சாரத்தின் உச்சியில் இருந்தார். கீழேயிருந்து சத்தம்போட்டு விஷயத்தைச் சொன்னேன். சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளியில் போட்டுவிட்டு இறங்கியவர், காலைக்கூடக் கழுவவில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஜுக்கிக்குள் நுழைந்து பவுனுவின் மூச்சைக் கேட்டார். அவ்வளவுதான். "கோவிந்தம்மா, புள்ளையத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஜல்தி."

அம்மா அசையவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து புது நாடா ஒன்றை எடுத்து நீட்டினாள். மஞ்சளில் நனைத்துக் காயவைத்திருந்தாள்.

"நீங்க இழுங்கண்ணே."

அவர் முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அட, அது வெளயாட்டும்மா. வித்தை. சும்மா கண்ணக் கட்டுறது."

"கண்ணக் கட்டுறதா? நான்தான் தடவிப் பாத்தனே. ஆபீசரே பாத்தாரே. ஒண்ணும் இல்லயே! எங்க புள்ளைக்குன்னா மட்டும் பண்ணமாட்டீங்களா? நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதில் பாதிப் பேர் அம்மா பக்கம். "இழுத்துத்தான் பாரேன் பெரியண்ணா, என்ன கொறஞ்சு போச்சு" என்று ஒரு குரல். இழுத்திருக்கலாம். பவுனு கழுத்தில் நாடாவைப் போட்டு, வித்தையைச் செய்து, "சரியாப் போச்சு, இப்ப ஆஸ்பத்திரியிலயும் ஒரு தடவ காட்டிடுவோம்" என்று சொல்லியிருக்கலாம். வேறொருவர் அதைத்தான் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இழுத்த பிறகு அம்மா எதற்கு ஆஸ்பத்திரிக்கு வருவாள்? சாயங்காலம்வரை பார்ப்போம் என்பாள். பவுனுவுக்குச் சாயங்காலம்வரை நேரம் இல்லை என்பது அந்த மூச்சிலேயே தெரிந்தது.

மாமா தரையில் உட்கார்ந்தார். எப்போதும் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காருவார். வேலை செய்த உடம்பு, சாய்கிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அன்று திரும்பி, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நாடாவைக் கழுத்தில் போட்டார்.

"பின்னால வந்து நில்லு, கோவிந்தம்மா. நல்லாப் பாரு. எல்லாரும் பாருங்க."

மெதுவாகச் செய்தார். நாடா கழுத்தைச் சுற்றவேயில்லை. முன்னால் சுற்றுவதுபோல் காட்டிய கை, பின்னால் ஒரு சின்ன மடிப்பைச் செய்து பிடரியில் வைத்து அழுத்தியது. அவ்வளவுதான். இழுத்ததும் மடிப்பு நழுவியது, நாடா முன்னால் வந்தது. வாசலில் யாரோ "அடச்சே" என்றார்கள்.

அம்மா நம்பவில்லை. "எனக்காக மாத்திச் செய்யறீங்க."

"சரி, இங்க உக்காரு." அம்மாவைத் தன் இடத்தில் உட்கார வைத்தார். அவள் கையைப் பிடித்து மடிப்பைச் செய்ய வைத்தார். அவர் விரலில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. நாடா இரண்டு முறை அதில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது முறை, "இப்ப நீயே இழு" என்றார். அம்மா இழுத்தாள். நாடா அவள் கழுத்துக்குள் புகுந்து வெளியே வந்தது. அம்மாவின் கண் விரிந்தது.

"எங்கழுத்துலயும் வருதே! அப்ப எனக்கும் சக்தி இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. மாமா அவளையே பார்த்தார். "இருக்குதுன்னா நீயே உம்புள்ளைக்கு இழுத்துடு. நான் எதுக்கு?"

அம்மா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு பவுனுவைப் பார்த்தாள். மூச்சு அறுத்துக்கொண்டிருந்தது. கை மேலே போகவில்லை. அந்த நாடாவால் ஒன்றும் ஆகாது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். தன் கையால் செய்து பார்த்ததால். சட்டென்று அதைச் சுருட்டி மாமாவின் முகத்தில் எறிந்தாள்.

"இத்தன வருசமா ஏமாத்துனியே, பாவி!"

"ஆமாம்மா. புள்ளையத் தூக்கு."

ஒரு சர்தார்ஜியின் ஆட்டோ. மாமா பவுனுவை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா முழு வழியும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து பார்த்ததுமே உள்ளே கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள். கத்தி வேண்டியிருக்கவில்லை. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் வேண்டியிருக்கும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரம்மா ஹிந்தியில் சொன்னார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா மாமாவின் பக்கம் திரும்பினாள். அவர் ஆஸ்பத்திரிக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

பவுனு வீடு திரும்புவதற்குள் எங்கள் வரிசைப் பையன்கள் எல்லோரும் நாடா வித்தைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். யார் பைஜாமாவிலும் நாடா மிஞ்சவில்லை. ஒருவன் மடிப்பை விட்டுவிட்டு இழுத்துக் கழுத்தில் சிவப்பாகத் தடம் வாங்கிக்கொண்டான். மாமா உட்கார்ந்தால் இரண்டு பேர் ஓடிப்போய் அவருக்குப் பின்னால் நிற்பார்கள். ஊக்கு வித்தையைக்கூடப் பின்னாலிருந்தே பார்த்தார்கள். "பெரிய சாமியாரு" என்று கேலி செய்த பெரியவர்களும் உண்டு. "ரெண்டு பேருக்கும் நஷ்டம்னு ஆபீசர் கிட்டச் சொன்னியே, இப்ப ஊருக்கே நஷ்டம்" என்று அத்தை இடித்தது. "புள்ள லாபம்தானே" என்றார். அதற்குமேல் அவர் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா அவருக்கு ஒரு நாள் களி கிண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதோடு இருவரும் பழையபடி பேசத் தொடங்கினார்கள்.

கோபம் தீராதவள் பவுனுதான். அவள் மயக்கத்தில் கிடந்தபோது ஊரே பார்த்திருக்கிறது. அவளுக்கு மிகவும் பிடித்த வித்தை அது. திரும்பி வந்து பார்த்தால் மூக்கு ஒழுகுகிற பையன்கள்கூட அதைச் செய்கிறார்கள்.

"எனக்குச் சொல்லாம எல்லாருக்கும் சொல்லிட்டீங்க" என்று மாமாவின் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சொல்லலன்னா நீ இப்ப இங்க நிக்கமாட்டியே கண்ணு."

"அதெல்லாம் தெரியாது. என்னால அந்த வித்தை போச்சு. எனக்கு வேற ஒண்ணு தரணும். நான் சாமானத் தொட்டுப் பாப்பேன். பின்னால நின்னு பாப்பேன். அப்பயும் எனக்குத் தெரியக் கூடாது."

"அச்சா. உனக்கு ஒண்ணு கடன்" என்றார் மாமா.

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தறியாத, சாரத்தின்மேல் பகல் முழுவதும் நிற்கிற ஒரு மனிதர், ஒரு சிறுமியின் கண்ணைத் தாண்டவேண்டும் என்று ஆறு மழைக்காலங்கள் உழைத்தார். கண்ணாடி வளையலும் சணலும் கொண்டு ஒன்று செய்தார். அவள் கண்டுபிடித்தாள். உப்பை வைத்து ஒன்று, சாவியை வைத்து ஒன்று. கண்டுபிடித்தாள். நாடா வித்தையின் ரகசியம் உடைபட்ட நாளிலிருந்து அவளுக்கு எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்துவிட்டது. எல்லோரும் பார்க்கிற கையை அவள் பார்ப்பதேயில்லை. ஒவ்வொரு முறை தோற்கும்போதும் மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். அவளுக்காகச் செய்தவை அவர் முன்பு செய்த எதையும்விட அழகாக இருந்தன. நான் வேலைக்கு மனுப்போட்டுக்கொண்டு, எனக்கு என்னதான் வரும் என்று தெரியாமல் கிடந்த நாட்களில், பக்கத்து ஜுக்கியில் அவர் கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஒரே ஒரு ஆளுக்காக இவ்வளவு செய்ய அவரால் எப்படி முடிந்தது?

எண்பத்தேழு டிசம்பரில் நெஞ்சுச் சளி அவரைப் படுக்க வைத்தது. வருஷக்கணக்காகச் சுவாசித்த சுண்ணாம்பு என்றார்கள். மத்தியான வெயிலில் கட்டிலை வெளியே போட்டு உட்கார வைப்போம். ஒருநாள் பவுனுவைக் கூப்பிட்டு, அவள் பின்னலில் இருந்த ரப்பர் பேண்டையும் விரலில் இருந்த பித்தளை மோதிரத்தையும் கேட்டார். ரப்பரை அறுத்து நீளமாக்கி, அவளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு மோதிரத்தை அதில் கோர்த்து, ரப்பரை இரண்டு கைக்கும் நடுவில் சாய்வாக இழுத்துப் பிடித்தார். மோதிரம் கீழ்ப்பக்கமாக இருந்தது.

அது ஏறியது. யாரும் தொடவில்லை. எறும்பு போல, நிதானமாக, மேல்நோக்கி ஏறியது. பின்னால் நின்ற பவுனு குனிந்து அவர் தோளுக்குமேல் பார்த்தாள். மோதிரத்தையும் ரப்பரையும் வாங்கி இழுத்து, கடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இவளுக்குத் தெரியக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"இன்னொரு தடவ" என்றாள்.

செய்தார். கை நடுங்கியது. மோதிரம் ஏறியது.

"தெரிஞ்சுடுச்சு மாமா."

அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். மாமா சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். சந்திரம்மாள் அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏண்டி, தெரியலன்னு ஒரு வார்த்த சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?"

"விடு சந்திரா" என்றார் மாமா. "அவ அப்படிச் சொல்லியிருந்தா கடன் தீந்துடுச்சுன்னு நான் நெனச்சிருப்பேன்." பிறகு பவுனுவிடம், "வேற ஒண்ணு வச்சிருக்கேன். கை நடுக்கம் நிக்கட்டும், காட்டுறேன்."

குளிர் விடுவதற்குள் போய்விட்டார்.

மோதிரம் எப்படி ஏறியது என்று நான் பவுனுவைப் பலமுறை கேட்டுவிட்டேன். சொல்லமாட்டேன் என்கிறாள், அது அவளுக்காகச் செய்தது, எனக்காக அல்ல என்கிறாள். இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. போன மனுஷனிடம் என்ன கடன், விட்டுவிடு என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். பவுனு விடவில்லை. வேற ஒண்ணு வச்சிருக்கேன் என்று மாமாவே சொன்னார், அது என்னவென்று யாருக்கும் தெரியாது, அதை அவர் தரவேயில்லை என்கிறாள். அவள் சொல்வது சரிதான். அது இன்னும் பாக்கி.